புல்லைப் பிடுங்கிய மாமனார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். நீங்களும் என் மகளும் உங்கள் பசுவும் சுகமாக இருக்கவேண்டும். பசு இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே சுகமாக இருந்தால் ரொம்ப விசேஷம். அதை ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பவேண்டாம் என்று சொல்லத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறேன்.

நீங்கள் மாடி வீட்டுக்குக் குடிபோவதால் பசுவை விற்கவேண்டும் என்றதும் என் மகள் அழ, "நான் வச்சுக்கறேன், ஒரு தடவை விதைச்சா வருஷக்கணக்குல மேய்ச்சல்" என்று மார்தட்டியவன் நான்தான். நீங்கள் அனுப்பிய கினியாப் புல் விதையை, கடல் தாண்டி வந்த விருந்தாளியாச்சே என்று மரியாதையோடு கொல்லையில் விதைத்தேன். முளைத்தது இரண்டு தினுசு. ஒன்று பளபளவென்று நிமிர்ந்து நின்றது. மற்றது சவலைப்பிள்ளை மாதிரி, உடம்பெல்லாம் மயிர். அழகாயிருந்ததை வைத்துக்கொண்டு சவலையை வேரோடு பிடுங்கி, பக்கத்து வீட்டு ரிடையர்டு போலீஸ்காரரின் காலி மனையில் வீசினேன். உங்கள் மாமியார், "லட்சணத்தை வச்சுத்தான் எல்லாம்னா நான் உங்களைக் கட்டிக்கிட்டிருப்பேனா?" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் விட்டு, உரம் வைத்து, இடுப்பளவுக்கு வளர்த்து, பெருமை தாங்காமல் ஒரு கொத்தைக் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் இலை தண்டைத் தொடும் இடத்தை விரித்துப் பார்த்தார்.

"கினியான்னா இங்க பொசுபொசுன்னு மயிர் இருக்கணும் சார். இது மொழுமொழுன்னு இருக்கே! களையை எதுக்கு சார் இவ்வளவு செல்லமா வளர்த்தீங்க?"

மொழுமொழு என்றபோது என் வழுக்கையைப் பார்த்தமாதிரி இருந்தது.

வீசிய புல்லோ மழையில் வேர்பிடித்து, காலி மனையில் ஆளுயரம் நிற்கிறது. கொல்லையில் நடுவதற்கு வேரோடு நாலு தூர் கேட்டுப் போனேன். "ஓ, என் மனையில குப்பை கொட்டின ஆசாமி நீங்கதானா? தானா வந்து மாட்டிக்கிட்டீங்களே!" என்றார் போலீஸ்காரர். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு கட்டு அறுத்துக்கொள்ள விட்டார். தூர் கிடையாதாம். ஒரு கட்டு உங்கள் பசுவுக்குக் காலைப் பலகாரத்துக்கே காணாது. ஆகவே கொஞ்சம் பொறுங்கள். விற்றுமட்டும் விடாதீர்கள், மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

மகளுக்கு என் ஆசி. பசுவிடம் என் மன்னிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
களை வளர்ப்பதில் கைதேர்ந்த மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். ஞாயிறுவரை பொறுக்காமல் மகளே பசுவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கெஞ்சி வாங்கிய கட்டை அதன் முன்னால் வைத்தேன். மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டு, கட்டை மிதித்துக்கொண்டு நேரே என் களைக்குள் புகுந்தது. இன்னும் தலை நிமிரவில்லை. "புல்லு பிரமாதம்ப்பா!" என்கிறாள் மகள். எனவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தவேண்டாம். அந்தக் களைக்கு விதை எங்காவது கிடைக்குமா என்று மட்டும் விசாரித்து எழுதவும்.