போர்வை சரி, கோட்பாடு தவறு

பிரபஞ்சம் தோன்றி இத்தனை காலமாகியும் அது யாருக்கும் புரியாமலே கிடந்ததற்கு ஒரே காரணம், எங்கள் ஆய்வு நிறுவனத்தில் அதுவரை ‘உவமைக் குழு’ இல்லாததுதான். குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

குழுவின் விதி எளியது. வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி விளக்க முடியாத ஆராய்ச்சிக்கு இங்கே இடமில்லை. ஒரு நாள், ஈர்ப்பு விசையை ஆராயும் ஓர் அம்மையாரின் வேலை நீட்டிப்பு எங்கள் முன் வந்தது. பலகை கொள்ளாமல் சமன்பாடுகளை எழுதி வைத்துக்கொண்டு நின்றார்.

“இதெல்லாம் அழிச்சிடுங்க,” என்றார் இயக்குநர். “எங்க மாமியாருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

அம்மையார் வேண்டாவெறுப்பாக அழித்தார். போர்வையை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் இரும்புக் குண்டை வைத்தால் பள்ளம் விழும். உருட்டிவிட்ட கோலி அதைச் சுற்றிச் சுற்றி வரும். சூரியனும் பூமியும் ஏறக்குறைய அப்படித்தான் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூரியனை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கணக்கு அதிகாரிதான் முதலில் சுதாரித்தார். “போர்வை காட்டனா, பாலியெஸ்டரா?”

“சார், அங்க போர்வையே கிடையாது.”

“இப்பதானே மேடம் இருக்குன்னீங்க?”

“அது சும்மா ஒரு பேச்சுக்கு.”

இயக்குநரின் முகம் இறுகியது. “சரி, அந்தக் குண்டைக் கீழ இழுக்கறது எது?”

“ஈர்ப்புதான் சார்.”

“ஈர்ப்பை விளக்கறதுக்கே ஈர்ப்பு வேணுமா?”

“அதேதான் சார். அதனாலதான் இந்த உவமையே ஓட்டைங்கறேன். சமன்பாட்டுல அந்தச் சிக்கல் இல்ல. மறுபடி எழுதிக் காட்டட்டுமா?”

“எதுக்கு? ஓட்டைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.”

போர்வையில் குறையில்லை, குறை கோட்பாட்டில்தான் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. நீட்டிப்பு மறுக்கப்பட்டது.

“இன்னும் கொஞ்ச நாள் குடுத்தா முடிச்சிடுவேன் சார்,” என்றார் அம்மையார்.

“முடிச்சு?”

“விடை தெரிஞ்சிடும்.”

“அதான் எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சே,” என்றார் இயக்குநர், அன்பாகவே.

காலியான இடத்துக்குப் போர்வை பிடிக்க ஆள் எடுத்தோம். இயக்குநரின் மைத்துனர் ஒரு மூலையை வெகு திறமையாகப் பிடிக்கிறார். பார்வையிட வரும் பெரிய மனிதர்கள் கோலியை ஒருமுறை உருட்டிவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டிப் போகிறார்கள்.

இயற்பியல் புரியாதவர் என்று எங்கள் நிறுவனத்தில் இன்று ஒருவர்கூட இல்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரை அன்றே அனுப்பிவிட்டோம்.