முதல் போணிக்காரி கேட்ட வேப்பங்கொழுந்து

ஃபுட்ஸ்கிரே, மெல்போர்ன்
செவ்வாய்க்கிழமை

நம் ஊர் சௌதொக் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அன்புத் தம்பி கியெமுக்கு, ஆறாம் அக்கா தோவா எழுதிக்கொள்வது. இதை எழுதும் நிமிஷம் வரை நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். நிமிஷக் கணக்காக எழுதுவதற்குக் காரணம் பின்னால் வரும். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க, இன்று காலை அப்பா அம்மா படத்துக்கு மூன்று ஊதுபத்தி ஏற்றினேன்.

விஷயம் இதுதான். போன வாரம் ஃபோனில், "அக்கா, வேப்பங்கொழுந்து காயப்போட்டிருக்கேன், உனக்குப் பார்சல் போடறேன்" என்றாயே, அதைப் போடாதே. இதையும் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய், உன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, படகிலிருந்து மீன் இறங்குவதற்குள் சந்தை முழுக்கப் பரப்பிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

எதிர்ச்சாரியில் அந்தப் பெரிய அங்காடி திறந்ததிலிருந்து என் கடையில் ஈதான் மொய்த்தது என்று உனக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பு ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கி, மீன் சாஸ் பாட்டில்களைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், கல்லா முன்னால் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள், நாற்பது வயதிருக்கும், பழுப்புச் சட்டை, கையில் பிரம்புக் கூடை. விலை கேட்கவில்லை, பேரம் பேசவில்லை, நட்சத்திர சோம்பு ஒரு கைப்பிடி வாங்கிச் சில்லறையைச் சரியாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று மதியத்துக்குள் அரிசி மூட்டை தீர்ந்துபோனது. மறுநாளும் அவள்தான் முதல் போணி, அன்று பட்டை. அதற்கடுத்த நாள் பெரிய ஏலக்காய். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சாமான், அதற்குமேல் வாங்கமாட்டாள். ஆனால் அவள் கால் வைத்துப் போனால் அன்று முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். நல்ல ராசிக்காரி போணி செய்தால் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வாசல் மணி விஷயத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. பூனை நுழைந்தாலும் அடிக்கிற மணி, அவள் வந்தால் அடிப்பதில்லை. கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன். பக்கத்தில் வாத்து வாட்டி விற்கிற லியெங் அக்கா எலுமிச்சை வாங்க வந்தபோது காது கிழிய அடித்தது.

லியெங் அக்காதான் கேட்டாள்: "ஏண்டி தோவா, அந்தப் பழுப்புச் சட்டைக்காரி உன் வீட்லயா தங்கியிருக்கா?"

"இல்லையே, ஏன்?"

"உள்ள போறத நான் பார்த்ததே இல்ல. தினம் வெளிய வர்றத மட்டும்தான் பாக்கறேன்."

அன்று எலுமிச்சைக்குக் காசு வாங்கவே மறந்துவிட்டேன். இருந்தாலும் வியாபாரி இல்லையா, மறுநாள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "என்னம்மா, விசேஷமா? சேர்த்துச் சேர்த்து வாங்கறீங்களே."

"திவசம்" என்றாள். "முதல் திவசம். அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் சமைக்கணும்."

"பாவம். எப்ப தவறினாங்க?"

"தேதி இன்னும் முடிவாகல. சாமான் எல்லாம் சேரட்டும்."

கூடவே கொத்தமல்லிக் கட்டு ஒன்றை இனாமாக நீட்டினேன், முதல் போணிக்காரிக்கு ஒரு மரியாதை. அவள் வாங்கவில்லை. "வேணாம்மா. கடை நிறைய கொத்தமல்லி விப்பாங்க, ஆனா அவங்களுக்கு ஆகாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கட்டுவாங்க."

கியெம், முப்பத்தொரு வருஷமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொத்தமல்லி கட்டுவது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், உனக்கும் உன் அத்தானுக்கும். நீ யாரிடமாவது உளறினாயா என்று சத்தியமாக எழுது. உளறியிருந்தால் உன்னைக் கோபிக்கமாட்டேன், மாலை போட்டுக் கும்பிடுவேன். அத்தானைக் கேட்டாயிற்று. "உனக்கு மல்லி ஆகாதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்றதா எனக்கு வேலை?" என்று அரிசி லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் காலையில் கடையில் இருப்பதே இல்லை, அவளைப் பார்த்ததும் இல்லை.

அன்றிரவு அவள் வாங்கியதையெல்லாம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தால், மிளகாய் இல்லாமல் மிளகு போட்ட மீன் குழம்பு, வெங்காயம் சேராத எலும்பு சூப், பனைவெல்லப் பாயசம். எல்லாம் என் வாய்க்குப் பிடித்தது. குறைந்தது ஒன்றுதான், நம் ஊர் வேப்பங்கொழுந்தும் கருவாடும் புளியும் பிசைந்த கூட்டு. எழுதி முடித்த மறுநாள் காலை, "வேப்பங்கொழுந்து இருக்காம்மா?" என்று வந்து நிற்கிறாள்.

கடை வைத்த நாளிலிருந்து எந்த வாடிக்கையாளரிடமும் 'இல்லை' என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன். "பாகற்காய் இருக்கு, அதுவும் கசப்புதானே" என்று மாற்றுச் சரக்கும் காட்டினேன்.

"அவங்க கெட்டிக்காரங்க, மாத்தி வெச்சா கண்டுபிடிச்சிருவாங்க" என்று சிரித்தாள். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு ஒரே ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு, "வெறுங்கையோட போனா உங்க போணி கெட்டுரும்ல" என்றாள். ஒன்பது நாளாக இப்படித்தான்: கேட்கிறாள், இல்லை என்கிறேன், எலுமிச்சம்பழம் வாங்கிப்போகிறாள், கடை நிரம்பி வழிகிறது. வாசலில் உப்பும் காகிதமும் எரித்து அவளை விரட்டிவிடு என்கிறாள் லியெங் அக்கா. விரட்டினால் போணி போய்விடும், கொடுத்தால் நான் போய்விடுவேன். நான் யோசித்துக் கண்ட வழி, இருப்பு இல்லை என்றே காலத்தை ஓட்டுவது. இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் நம் ஊர்க் கொழுந்து கிடைக்காது, விசாரித்துவிட்டேன். ஆகவே உன் கையில்தான் என் ஆயுள் இருக்கிறது தம்பி. ஒரு இலைகூட அனுப்பாதே. அனுப்பியிருந்தாலும் இங்கே விமான நிலையத்தில் மோப்ப நாயும் அதிகாரிகளும் பிரித்துக் குப்பையில் போடுவார்கள். இத்தனை வருஷம் அவர்களைத் திட்டியதற்கு இப்போது மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவளுக்கு நல்ல இடத்தில் வரன் அமையட்டும், சின்னவன் பரீட்சையில் தேறட்டும், உன் கருவாட்டில் புழு விழாமல் இருக்கட்டும்.

உன் ஆறாம் அக்கா,
தோவா

பின்குறிப்பு: புதன். இதைத் தபாலில் போட இன்று காலை கிளம்பினேன். கடையை அத்தான் திறந்தார். பாதி வழியில்தான் உறைமேல் உன் தெருப் பெயரை எழுதவில்லை என்று நினைவு வந்து திரும்பினேன். அத்தான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். உன் பார்சல் நேற்று மாலையே வந்துவிட்டதாம், நாய் மோப்பம் பிடித்த அடையாளம்கூட இல்லை, இவர் வாங்கி லாரியில் வைத்துவிட்டு என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். "கடை திறந்து திரும்பறேன், ஒரு பொம்பள நிக்குது. வேப்பங்கொழுந்து மொத்தத்தையும் வாங்கிக்கிச்சு. விலையே கேக்கல. ‘அம்மா எங்க?’ன்னுச்சு. தபாலாபீஸ் போயிருக்கான்னேன். ‘பரவால்ல, வெள்ளிக்கிழமை பாத்துக்கறேன்’னு போயிருச்சு. நல்ல மனுஷி" என்கிறார். கடையில் இப்போது நிற்க இடமில்லை.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. கொழுந்து இன்னும் இருந்தால் அனுப்பு, இனி பயமில்லை, நன்றாக விற்கும். முடிந்தால் நீயும் கிளம்பி வா. வந்தால், என் படையல் இலையில் யாரும் கொத்தமல்லி தூவிவிடாமல் பார்த்துக்கொள்.