'ஆற்றல்' பனியன்

மனித குலத்துக்கு உடுத்தக் கொடுத்த திருப்பூர், கடைசியில் அதற்கு 'ஆற்றல்' கொடுக்கவும் முன்வந்தது. அந்தப் பெருமை வேலம்பாளையத்து பனியன் கம்பெனி ஒன்றையே சேரும். பிரிண்டிங் பசையில் ஒரு பழுப்புப் பொடியைக் கலந்தார்கள். பொடியில் கதிர்வீசும் தோரியம் கொஞ்சம் இருந்தது. ஆல்பா, பீட்டா துகள்கள் அதிலிருந்து ஓயாமல் கிளம்பின. பொடி விற்றவன் கதிர்வீச்சை அளக்க இலவசமாக ஒரு மீட்டரும் தந்திருந்தான். அதிகம் டிக்கடித்தால் அதிக ஆற்றல்.

மூட்டையைப் பிரித்துப் பொடியைக் கொட்டுவது நாகஜோதியின் வேலை. ஆண்டிபட்டியிலிருந்து பிழைக்க வந்தவள். கொட்டும்போது பொடி புகையாக எழும். மூன்று மாதமாக இருமல். அவள் கேட்டது ஒரே ஒரு மாஸ்க்.

கம்பெனியில் மாஸ்க் இல்லாமல் இல்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும் காலையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

அவள் கோரிக்கைக்காக மீட்டிங்கே நடந்தது. மேனேஜர் செல்வக்குமார் பொடியின் மேல் ஒரு தாளை வைத்து மீட்டரைக் காட்டினார். சத்தம் குறைந்தது.

"பாத்தீங்களா? ஆல்பாவுக்கு ஒரு காயிதம் போதுமுங்க. நம்ம மேல்தோலே நிறுத்திப்போடும்."

"இன்னும் டிக்கு டிக்குங்குதே, சார்?"

"அது பீட்டாங்க. காயிதத்தைத் தாண்டும். அலுமினியத் தகடு வெச்சா நின்னுபோகும்."

மறுநாளே பொடிக்கு அலுமினிய மூடி போட்ட பெட்டி வந்தது.

"பொடிக்கு மூடி போட்டாச்சு. எம் மூக்குக்கு?"

"நீங்க மூடியத் தொறக்காம இருந்தாப் போதுமுங்க."

"தொறக்காம எப்படிக் கலக்குறது?"

இந்தக் கேள்வி அடுத்த மீட்டிங்குக்கு 'ஒத்திவைக்கப்பட்டது'.

அடுத்த ஆடிட் அன்று கார் கிளம்ப மாலையாகிவிட்டது. நாள் முழுக்க மாஸ்க்கோடு பொடி கொட்டிய நாகஜோதி, அதைக் கழற்றி மேனேஜரின் மேஜையில் வைத்தாள். மீட்டரை அவளே பக்கத்தில் நகர்த்தினாள். படபடவென்று டிக்கடித்தது.

"ஒரு நாளைக்கே இம்புட்டு, சார். மூணு மாசம் மாஸ்க்கே இல்லாம இழுத்திருக்கேன்."

நிர்வாகம் ஒரு மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்தது. நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'மாஸ்க்குகளில் கதிர்வீச்சு கண்டறியப்பட்டுள்ளதால், தொழிலாளர் நலன் கருதி, இனி எவரும் மாஸ்க் அணியக் கூடாது.'

"அப்ப எந் நெஞ்சுக்குள்ள போனது?"

"அதையும் பாத்துப்போடலாமுங்க."

மீட்டரை அவள் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். மீட்டர் மூச்சு விடவில்லை.

"ஒண்ணுமே இல்லீங்க! சுத்தமா இருக்கறீங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். நாகஜோதி இருமினாள்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆல்பா தோலைத் தாண்டாது. வெளியிலிருந்து உள்ளேயும் வராது, உள்ளிருந்து வெளியேயும் வராது. பீட்டாவை நெஞ்சுச் சதையே தடுத்துவிடும். பொடியோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆல்பா அங்கேயே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பதை மட்டும் சுட்டுக்கொண்டிருக்கும். வெளியே ஒரு டிக் கூடக் கேட்காது. இவ்வளவு விசுவாசமாக வாயை மூடிக்கொண்டு கொல்லும் துகள், வேறெந்த நிர்வாகத்துக்குக் கிடைக்கும்?