ஹெம்ப்ஸ்லி சங்கத்தின் ஒரே சாதாரண உறுப்பினர்

படகு என்பது ஆற்றில் போவதற்கான வாகனம் என்று பாமர மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஊஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹெம்ப்ஸ்லி படகோட்டிகள் சங்கம் இந்தத் தவறான எண்ணத்தை வெகு காலத்துக்கு முன்பே களைந்துவிட்டது. அங்கே படகு என்பது கரையில் கட்டிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பித்தளையைத் துடைத்து, மேல்தட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி ஆறு போவதைப் பார்ப்பதற்கான சாதனம். அதுதான் போகிறதே, நாமும் எதற்குப் போகவேண்டும் என்பது அவர்கள் கட்சி.

ரெஜ் டகெட்டுக்கு இது தெரியாது. பெட்ஃபோர்ட் நகரில் காலமெல்லாம் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிமேலாவது நிறுத்தமே இல்லாத வழியில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டு, இரண்டு பேர் முடங்கிப் படுக்கிற அறையும் ஓர் அடுப்பும் உள்ள பழைய சின்னப் படகு ஒன்றை வாங்கிவிட்டார். நீர்க்கோழி என்று பெயர். மனைவி பெரில் புதுச் சமையலறைக்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் அதில் போயிற்று. மனமுவந்துதான் கொடுத்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஆற்றோடு போனால் வரும் ஈலி ஊரில் இருக்கும் அவள் அக்கா டாரீனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்தப் படகிலேயே போய் இறங்கவேண்டும். "நீங்களாவது, படகுல வர்றதாவது" என்று டாரீன் தொலைபேசியில் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு பெரிலின் காதைக் குடைந்துகொண்டே இருந்தது.

படகு கட்ட இடம் வேண்டுமென்றால் சங்கத்தில் சேரவேண்டும். ரெஜ் சேர்ந்தார். அன்றைக்குச் சங்கத்தில் ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி மாளாது. காரணம், அங்கிருந்த அத்தனை பேரும் அதிகாரிகள். தலைவர், துணைத்தலைவர், பின்துணைத்தலைவர், கொடி அலுவலர், கயிற்று அலுவலர், வானிலை அலுவலர், தேநீர் அலுவலர், அன்னப்பறவை நல்லுறவு அலுவலர். ஆள்வதற்குச் சகல ஏற்பாடும் இருந்தும் ஆளப்படுவதற்கு ஆளில்லாமல் தவித்தவர்களுக்கு, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்து சேர்ந்தார் ரெஜ்.

முதல் சனிக்கிழமையே அவர் இயந்திரத்தை முடுக்கினார். கயிற்று அலுவலர் நைஜல் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஈலிப் பக்கம். சும்மா ஒரு ஒத்திகை."

"முடிச்சுப் போடுற தேர்வுல தேறிட்டீங்களா?"

"முடிச்சுப் போடப் போறதில்லீங்க. அவுக்கத்தான் போறேன்."

"போடத் தெரியாதவருக்கு அவுக்க அனுமதி கெடையாது. அவுத்தத மறுபடி யாரு கட்டுறது?"

யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. ரெஜ் கட்டில் காலிலும் நாற்காலியிலும் கட்டிப் பழகித் தேறினார். அடுத்து வானிலை அலுவலர் வந்தார். மழை வரும் என்றும் சொல்வதற்கில்லை, வராது என்றும் சொல்வதற்கில்லை, ஆகவே பொறுத்திருப்பதே உசிதம் என்று அறிவித்தார். அப்புறம் அன்னப்பறவைக் குஞ்சுகள் தூங்கும் பருவம் வந்தது. நீர்க்கோழி இருந்த இடத்திலேயே இருந்தது. பிறந்தநாள் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நெருங்கிக்கொண்டிருந்தது.

"எங்க அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாள் பெரில். "கரையில கட்டிப்போட ஆசைன்னா ஒரு ஆடு வாங்கியிருக்கலாமே."

ரெஜ் நேரே தலைவர் லவெல்லிடம் போனார். தலைவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வு பெற்றவர்களையெல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, நீங்க போறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல. ஆனா நீங்க போனா உங்க எடம் காலியாயிடுமே."

"திரும்பி வந்துடுவேன் சார்."

"அதுவரைக்கும் அத ஒருத்தர் பாத்துக்கணும். கண்ட ஊர்ப் படகெல்லாம் வந்து கட்டிட்டா?"

"சரி, யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க."

"அதிகாரிங்களுக்கு அவங்கவங்க பொறுப்பு இருக்கு. சாதாரண உறுப்பினர்தான் பாத்துக்கணும்னு விதி."

"சாதாரண உறுப்பினர் நான் ஒருத்தன்தானே சார்?"

"அதத்தானே சொல்றேன். நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க. வர்ற வரைக்கும் நீங்க இங்க இருந்தாப் போதும்."

ரெஜ் விடவில்லை. செயற்குழுவில் குரல் கொடுத்தார். அவருக்கு அநீதி நேர்ந்திருப்பதைக் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டு, பரிகாரமாக அவரைப் புறப்பாட்டு அலுவலராக நியமித்தது. வெள்ளைத் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். அவர் ஊதாமல் எந்தப் படகும் கிளம்பக்கூடாது. காலமெல்லாம் நடத்துனர் மணிக்குக் கட்டுப்பட்டு வண்டியை எடுத்தவர் கையில் விசில் கிடைத்தால் என்ன ஆகும்? மனிதர் தொப்பியோடுதான் காலை உணவே சாப்பிட்டார்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலை பெரில் கேக்கோடு வந்து நின்றாள்.

"ஏறு ரெஜ், போலாம்."

"கொஞ்சம் பொறு. புறப்பாட்டு அலுவலர் அனுமதி வேணும்."

"அது நீதானே?"

"நான்தான். அதான் யோசனையா இருக்கு. எனக்கே நான் அனுமதி குடுத்துக்கிட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

பெரில் படகில் ஏறினாள். கேக்கை உள்ளே வைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள்.

"பெரில், நீ தேர்வு எழுதல."

"நான் ஒங்க சங்கத்துலயே இல்ல. ஒங்க விதி என்னைய என்ன பண்ணும்?"

அதிகாரிகள் கூடி விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். மனைவிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்குள் நீர்க்கோழி ஆற்றின் திருப்பம் வரை போயிருந்தது. கரையில் நின்ற ரெஜ்ஜுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கடைசியில், போவது சட்டப்படியாவது போகட்டும் என்று விசிலை ஊதினார்.

பெரில் ஒரு பாலத்தில் இடித்து, ஒரு மரக்கிளையை முறித்து, மறுநாள் ஈலி போய்ச் சேர்ந்தாள். கரையில் நின்ற டாரீன் திறந்த வாயை மூட மறந்தாள்.

படகுப் பருவம் முடிந்து நடந்த சங்க விருந்தில் நெடும்பயணக் கோப்பை வழங்கப்பட்டது. இதுவரை யாரும் வெல்லாததால் அதில் சர்க்கரை போட்டு வைத்திருந்தார்கள். சர்க்கரையைக் கொட்டிவிட்டு, அந்தப் பயணத்தைக் கரையிலிருந்து சாத்தியமாக்கிய ரெஜ்ஜிடம் கொடுத்தார்கள். ஆறு லேசுப்பட்டதில்லை என்று அவர் உருக்கமாகப் பேசினார். பெரில் சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்து முடித்தாள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, அதிகாரிகளின் மனைவிமார் அத்தனை பேரும் கணவன்மார் சட்டைப் பையிலிருந்து எடுத்த சாவிகளோடு கரைக்கு வந்துவிட்டார்கள்.

"பெரில், எங்களையும் ஈலிக்குக் கூட்டிட்டுப் போயேன்."

பிறந்ததிலிருந்து தூங்கிய இயந்திரங்கள் இருமி எழுந்தன. பெரிலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லோரையும் ஒருமுறை பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"போலாம்டி, போகாம என்ன? ஆனா இத்தன படகும் ஒரே சமயத்துல கெளம்புனா முட்டிக்காதா? ஒரு ஒழுங்கு வேணாமா? மொதல்ல நமக்குன்னு ஒரு சங்கம் வெச்சுக்குவோம்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இயந்திரங்களை அணைத்தார்கள். பெரில் ஒருமனதாகத் தலைவியானாள். சாயங்காலத்துக்குள் மற்ற பதவிகளையும் பங்கிட்டு முடித்தார்கள். நைஜலின் மனைவி ஹில்டாவுக்கு மட்டும் கொடுக்கப் பதவி மிச்சமில்லை. அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்தபடி அவள் ஓரமாக நின்றாள். எல்லோரும் மிகுந்த அன்போடு அவள் பக்கம் திரும்பினார்கள்.