திலீபின் கிளிக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை

அன்பு மச்சான் திலீபுக்கு, காசிமேட்டிலிருந்து உன் மாமா ஜெயவேல் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஜெயஸ்ரீயும் ஏதோ இருக்கிறோம். உன் கிளி எங்களைவிட சௌக்கியம். மாதவரத்தில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, ஆகவே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

புது வீட்டுக்காரர் பறவைக்குச் சம்மதிக்கவில்லை, பத்தே நாள் என்று சொல்லி நீ கூண்டை இறக்கிவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. கிளி என்றால் ஒரு மிளகாய், ஒரு கொய்யா, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ விட்டுப்போனது ரெயின்போ லோரி என்கிற வெளிநாட்டுக் கிளியாம். பூந்தேன் குடிக்கிற இனம் என்பதால் லோரி பவுடரைத் தண்ணீரில் கலக்கித் தர வேண்டும், வெயிலில் அது புளித்துவிடும் என்பதால் மூன்று மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும், நடுவில் பப்பாளி, விதை எடுத்த ஆப்பிள், காலையில் குளிக்க ஒரு தட்டுத் தண்ணீர். எனக்கு இந்த வீட்டில் காபி ஒரு தரம்தான். குடிப்பதெல்லாம் தண்ணியாக இருப்பதால் போவதும் தண்ணியாகவே போகிறது, அதுவும் கீழே விழாமல் பின்பக்கமாக மூன்றடி பீய்ச்சுகிறது. காலண்டர், டிவி, உன் அக்காவின் பட்டுப்புடவை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

போதாததற்கு, பெயிண்ட், தின்னர் வாடையை இதன் நுரையீரல் தாங்காது என்று பறவை டாக்டர் சொல்லிவிட்டார். இது மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத போட்டெல்லாம் கரையில் நிற்கிறது, எனக்குச் சோறு போடுவதே இந்த இரண்டு மாதப் பெயிண்ட் வேலைதான். டப்பாக்களை எல்லாம் வீட்டை விட்டு வெளியேற்றினேன். வேலை முடிந்து வந்தால் தெருக்குழாயில் இரண்டு தரம் சோப்பு போட்டுக் குளித்து, கையை முகர்ந்து பார்த்து, பிறகுதான் வாசற்படி ஏறுகிறேன். குளித்துவிட்டு உள்ளே வா என்று இருபத்தெட்டு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த உன் அக்கா, முதல் நாள் இதைப் பார்த்தபின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படி இருக்க, பக்கத்து வீட்டு கோவிந்தம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தாள். நீலத் தலை, சிவப்பு மூக்கு, ஆரஞ்சு நெஞ்சு, பச்சை இறக்கை, கழுத்தில் மஞ்சள் பட்டை.

"இன்னா ஜெயவேலு, பச்சக்கிளிக்கு போட்டு பெயிண்டா அடிச்சிகீற? கலரு சோக்கா கீது, எவ்ளோ நாளு நிக்கும்?"

கேட்டுக்கொண்டே எச்சில் தொட்ட விரலால் அதன் நெஞ்சைத் தேய்த்தாள். சாயம் வரவில்லை. ரத்தம் வந்தது, அவளுடையது. அன்றிலிருந்து குப்பமே வந்து தேய்த்துப் பார்த்து, கடி வாங்கிக்கொண்டு போகிறது.

என்னைப் போலவே போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற கோதண்டம் வனத்துறைக்கு மனுவே போட்டுவிட்டான். வளர்க்கக்கூடாத நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து, வெளிநாட்டுக் கிளி மாதிரி பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேனாம். ஆபீசர் வந்து அதைப் படித்துக் காட்டினார். கழுத்துப் பட்டையில் பிசிறு தட்டாமல் கோடு இழுக்க இந்தக் கரையில் ஜெயவேலால் மட்டுமே முடியும் என்று எழுதியிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் என் வேலையைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. மறுக்க மனசே வரவில்லை, இருந்தாலும் மறுத்தேன். இது வெளிநாட்டுக் கிளிதான் என்று ஆபீசருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கும் பதிவுப் பேப்பர் வேண்டுமாம். திங்கட்கிழமை வருவாராம், பேப்பர் இல்லாவிட்டால் கிளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். கேட்டதும் கூண்டை மறைத்துக்கொண்டு போய் நின்றேன். உன் பொருள் ஆயிற்றே என்றுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் பேப்பரோடு வந்து கிளியைக் கூட்டிக்கொண்டு போ. இனி ஒரு நாளும் என்னால் முடியாது.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கடலம்மா உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
ஜெயவேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்கா பேப்பரைக் கண்டுபிடித்துவிட்டாள், நீ கொடுத்த பவுடர் டப்பாவுக்குள் அடியில் மடித்துக் கிடந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. போட்டுக்கு நம்பர் எழுதுகிற சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தேன். உன் பெயர் மேல் வெள்ளை பெயிண்ட் ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் என் பெயரை எழுதிவிட்டேன். ஜெயஸ்ரீ வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்றாள். இந்தக் கிளி இல்லாமல் எனக்கு ஆகாது, திலீப். ஞாயிற்றுக்கிழமை வராதே. யாராவது கேட்டால், அப்படி ஒரு கிளியை நீ பார்த்ததே இல்லை.