நாட்டை உயர்த்திய பேரம்

உழைப்பும் கல்வியும் இருந்தால்தான் ஒரு நாடு உயரும் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய நாடுகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கட்டம் போட்ட ஒரு படிவம், ஒரு பால்பாயிண்ட் பேனா, பேரம் பேசத் தெரிந்த ஒரு மனிதர். இவை போதும் என்று மூன்றே வாரத்தில் மெய்ப்பித்துக் காட்டியது புள்ளிவிவர அலுவலகத்தின் இரண்டாம் மாடி.

அந்த மனிதருக்கு அலுவலகத்தில் 'பாதிவிலை' என்று பெயர். கடைக்காரர் எந்த விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் அவர் வாய் திறக்கும். ஆறு நாளைக்கு மாத்திரை எழுதிய டாக்டரிடமே "மூணு நாள்ல முடிச்சுக்கலாமே" என்று கேட்டவர். அவர் ஆற்றிய நாட்டுத்தொண்டை முன்னிட்டு நாம் பாதிவிலையார் என்று மரியாதையாகவே அழைப்போம்.

அந்த மாதம் பாதிவிலையாருக்கு ஒரே ஒரு கவலை. அடுத்த மாதம் முதல் இரண்டாயிரம் கூடுதல் வாடகை, முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்யலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மகளின் பள்ளிக்கூடமோ அந்தத் தெருமுனையில்தான். சம்பள உயர்வு கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம் ஏழு மாதமாக இயக்குநரின் மேஜையில், தேநீர்க் கோப்பைக்கு அடியில், 'தீவிரப் பரிசீலனையில்' இருந்தது.

"ஏங்க, ஊர்ல இருக்கற கடைக்காரனை எல்லாம் மடக்குறீங்க. உங்க ஆபீசர்கிட்ட மட்டும் வாய் ஒட்டிக்குதா?" என்றாள் மனைவி.

"நேரம் பார்த்துப் பேசணும்மா."

நேரம் தானாகவே வந்தது. நாடுகளின் சராசரி வருமானத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிடும் ஆண்டு அது. சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாதாம். அந்தச் சம்பளத்துக்கு அங்கே என்னென்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டுமாம். அதற்காக எல்லா நாடுகளுக்கும் ஒரே பொருள்பட்டியல். விலை எங்கே குறைவோ அங்கே அதே காசுக்கு அதிகம் வாங்கலாம். ஆகவே அங்கிருப்பவர்கள் வசதியானவர்கள். போன தடவை இந்த நாட்டுக்குத் தொண்ணூற்றேழாவது இடம், பக்கத்து நாட்டுக்குத் தொண்ணூற்றாறு. அந்த ஓர் இடம் இயக்குநரை அலுவலக நேரத்தில்கூடத் தூங்கவிடவில்லை.

"போன தடவை போனவன் கடைக்காரன் சொன்ன விலையை அப்படியே எழுதிட்டு வந்துட்டான்," என்றார் இயக்குநர். "சொன்ன விலைக்கு யாராவது வாங்குவாங்களா?"

"அவன் மாமனார்கூட வாங்கமாட்டார் சார்."

"அதான் உங்களை அனுப்பறேன். நாட்டைக் கொஞ்சம் மேல கொண்டு வாங்க. உங்க ஃபைலை நான் மேல எடுக்கறேன்."

பாதிவிலையார் கிளம்பினார். பட்டியலில் முப்பத்தொன்றாவது பொருள்: 'ஆண்களுக்கான கறுப்புத் தோல் ஷூ, கயிறு உள்ளது, நடுத்தரத் தரம்.' ஷூக்கடைக்காரர் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"ஆயிரத்து இருநூறு சார்."

"அறுநூறு."

"கட்டாது சார். தோலைத் தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். அறுநூறு."

"உங்க முகத்துக்காக ஆயிரம்."

"முகத்துலயா போடப்போறேன்?"

பாதிவிலையார் வழக்கப்படி படியிறங்கி ஏழடி நடந்தார். எட்டாவது அடியில் கூப்பிடுவார்கள் என்பது அவர் அனுபவம். கூப்பிட்டார்கள்.

"சரி, எண்ணூறு. பில் போட்டுடவா?"

"பில் எல்லாம் வேண்டாம். எழுதிக்கணும், அவ்வளவுதான். உலகக் கணக்குக்கு."

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "வாங்கலையா? முதல்லயே சொல்லக் கூடாதா, தொண்டை வறண்டுபோச்சு! எழுதறதுக்குன்னா நானூறுன்னு எழுதிக்கோங்க."

"முந்நூத்தம்பது?"

"உங்க பேனா, உங்க மை. என் சரக்கு இங்கேயேதானே இருக்கு!"

விற்க வேண்டாத பொருளின் விலை எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கும் என்ற மாபெரும் பொருளாதார விதி இவ்வாறு ஒரு ஷூக்கடை வாசலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கட்டில், குடை, சுவர்க்கடிகாரம் எல்லாம் மளமளவென்று சரிந்தன. ஒரு மரச்சாமான் கடைக்காரர் கட்டிலுக்குச் சொன்ன விலையில் தலையணைகூட வராது. சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லி மெத்தையையும் தாராளமாக விட்டுக்கொடுத்தார்.

முடிதிருத்துபவர் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். "நாட்டுக்காகவா? அப்ப இலவசம்," என்றார், ஒருவரின் காதோரம் கத்தரியை நிறுத்திவைத்து.

"அப்ப எனக்கு?" என்றார் காதுக்குச் சொந்தக்காரர்.

"உனக்கு நூத்தம்பது. உனக்கு நிஜமாவே வெட்டறேனே!"

இலவசம் என்றதும் இயக்குநர்தான் சற்றுத் தயங்கினார். "பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் தாங்காது. ஒண்ணுன்னு போடுங்க. நாட்டுக்கு ஒரு கௌரவம் வேணும்ல?"

முடிவு வந்தது. நாற்பத்தொன்றாவது இடம்! உடனே பாராட்டுக் கூட்டம் கூட்டப்பட்டது. "நேற்று மாலை ஐந்தரை மணிவரை நாம் ஏழைகள். இன்று காலை பத்தரை மணி முதல் 'மேல்நடுத்தர வசதி' உள்ளவர்கள். இம்மாற்றத்தை ஊழியர்கள் அனைவரும் உணருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்," என்றார் இயக்குநர். ஊழியர்கள் உணர முயன்றனர். ஜீப் டிரைவர் சட்டைப்பைக்குள் கையை விட்டும் உணர்ந்து பார்த்தார். பக்கத்து நாடு தொண்ணூற்றேழுக்கு இறங்கிவிட்டது என்ற அறிவிப்புக்கு எழுந்த கைத்தட்டல், நாற்பத்தொன்றுக்கு எழுந்ததைவிடப் பலமாக இருந்தது. பாதிவிலையாருக்குச் சால்வை போட்டுப் பத்திரிகைக்காகப் படம் எடுத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். சொன்ன சொல் தவறாமல் கோப்பையை நகர்த்தி விண்ணப்பத்தை எடுத்தார்.

"உங்க சம்பளம் எவ்வளவு?"

"இருபதாயிரம் சார்."

கால்குலேட்டர் தட்டப்பட்டது. "அது பழைய விலையில. நீங்க கொண்டுவந்த விலையில பார்த்தா, ஷூ முந்நூத்தம்பது, முடிவெட்டு ஒண்ணு... அறுபதாயிரத்துக்குச் சமம்யா! இந்த ஆபீஸ்ல யாருக்கும் சம்பளம் இப்படி மூணு மடங்கு ஏறினதில்லை."

"மீதி நாப்பதாயிரம் எங்க இருக்கு சார்?"

"உங்க வாழ்க்கைத் தரத்துல."

"அதை எப்ப எடுத்துக்கலாம்?"

"எடுக்க முடியாது. அனுபவிக்கலாம்."

"சார், அந்த விலைக்கு ஊர்ல ஒருத்தனும் விக்கமாட்டான்!"

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். "அப்ப பொய் விலையா எழுதிட்டு வந்தீங்க?"

மேஜையில் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் 'நேரில் விசாரித்து உறுதிசெய்தேன்' என்ற வரி. அதன்கீழ் பாதிவிலையாரின் முழுக் கையெழுத்து.

"இல்லைங்க சார்," என்றார் அவர். "உண்மையான விலைதான்."

"அப்ப நீங்க வசதியானவர்தான்." இயக்குநர் விண்ணப்பத்தின் ஓரத்தில் 'தேவை எழவில்லை' என்று எழுதி ஒப்பமிட்டு, எழுந்து கைகுலுக்கினார்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் மாலைப் பத்திரிகையும் கையுமாக வீட்டுக்காரர். சால்வைப் படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது.

"நாப்பத்தொண்ணாமே! நம்ம வீட்டுல இப்படி ஒரு பெரிய மனுஷர் குடியிருக்கார்னு தெரியாமப்போச்சே," என்று வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை நாலாயிரம் சேர்த்துக் குடுத்துடுங்க."

"முதல்ல ரெண்டாயிரம்தானே சொன்னீங்க?"

"அப்ப நீங்க ஏழை நாட்டுல குடியிருந்தீங்க சார். அதைக் காலி பண்ணினது நீங்கதானே!"