முளைப்பு சாரின் மூணு மட்டை

கல்லணைக்கும் கோடியக்கரைக்கும் நடுவுல கோல்ஃப் ஆடத் தெரியாதவங்க எத்தனையோ லட்சம் பேர் இருப்பாங்க. ஆனா அதை முறையா, நோட்டுப் போட்டு, தேதிவாரியா எழுதிவெச்சுத் தெரியாம இருந்தவர் எங்க முளைப்பு சார் ஒருத்தர்தான்.

தஞ்சாவூர்ல வேளாண்மை ஆபீஸ்ல அவர் விதை அதிகாரி, நான் ரெக்கார்டு கிளார்க். விதைநெல் எங்கேருந்து வந்தாலும் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில முடிஞ்சு வைப்பார். எத்தனை முளைக்குதுன்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து. அதனால அந்தப் பேரு. இந்தப் பழக்கம் ஆபீசோட நின்னிருந்தா பரவாயில்லை. தீப்பெட்டி வாங்கப் போனாலும் கடையிலேயே பத்துக் குச்சியை உரசிப் பாப்பார். "மிச்சத்தை நான் யார்கிட்ட சார் விக்கிறது?"ன்னு கடைக்காரர் கேட்டா, "பத்துக்கு எட்டு பத்திக்கிச்சு. பெட்டி தேறிருச்சு, குடுங்க"ம்பார். புது டீக்கடை திறந்தா பத்து நாள் விடாம குடிச்சுட்டுத்தான் "டீ நல்லாருக்கு"ன்னு வாயைத் திறப்பார். அதுக்குள்ள ஒரு கடை மூடியே போச்சு.

இவருக்கு கோல்ஃப் வந்தது சம்பந்தி வீட்டு வழியா. நாங்க ரெண்டு பேரும் ரிட்டயரான வருஷம் ஒரே பொண்ணைப் பெங்களூர்ல கட்டிக்குடுத்தார். மாப்பிள்ளையோட அப்பா ராணுவத்துல பெரிய பதவியில இருந்தவர். பொண்ணைப் பாக்கப் போன சாரை கிளப்புக்குக் கூட்டிட்டுப் போய் கையில மட்டையைக் குடுத்திருக்கார். சார் ஓங்கி வீசினார். பந்து வெச்ச இடத்துலயே இருந்துச்சு, புல்லுதான் ஒரு கத்தை பறந்துச்சு. மறுபடி வீசினார், மறுபடியும் புல்லு. மூணாவது தடவை சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. "விடுங்க சம்பந்தி, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல"ன்னு அவர் முதுகைத் தட்டிக்குடுத்தாராம்.

ஊருக்கு வந்ததும் வராததுமா என் வீட்டுக்கு வந்து உக்காந்தார். "அவங்க சிரிச்சதுகூட பெருசில்லய்யா ரெக்கார்டு. எம்பொண்ணு பக்கத்துல நின்னுச்சு. அது முகம் சுண்டிப்போச்சுய்யா. அதைத்தான் தாங்க முடியல." அப்புறம், "அடுத்த சித்திரையில திரும்பப் போறேன். ஒரே ஒரு அடி, நேரா. அது பாக்கணும்"ன்னார்.

கோல்ஃப்ல முதல் அடிக்குன்னு இருக்கிற நீள மட்டைக்கு டிரைவர்னு பேரு. அதை வாங்க, பழைய மட்டை விக்கிறவங்களுக்கெல்லாம் போன் போட்டார். அந்தப் பக்கத்துத் தம்பி, "சார், இதுல அடிச்சா பந்து சும்மா பறக்கும்"னு ஆரம்பிக்கும்.

"அது கிடக்கட்டும் தம்பி. நல்லா அடிக்கிறவனுக்கு விளக்குமாத்துக் கட்டையிலயும் பறக்கும். மோசமா அடிச்சா எங்க போகும்? அதைச் சொல்லுங்க."

பாதிப் பேர் போனை வெச்சுட்டாங்க. வைக்காத மூணு பேர்கிட்ட மூணு மட்டை வாங்கினார். நீளநீளமா பெட்டி வந்து இறங்கவும், வீட்டம்மா திரைச்சீலைக் கம்பின்னு நினைச்சு, "ஜன்னல் எட்டு இருக்கே, மூணுதானா வாங்குனீங்க?"ன்னு கேட்டாங்க. விஷயம் தெரிஞ்சதும் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அதைவிடப் பெரிய அக்கிரமம் வயல்ல நடந்துச்சு. வெண்ணாத்துக்கு அந்தப் பக்கம் சாருக்கு ரெண்டு ஏக்கர். எங்க பக்கம் சம்பா அறுப்புக்கு முன்னாடியே, ஈரம் காயறதுக்குள்ள, நெல்லுக்கு நடுவுலயே உளுந்து தெளிச்சிருவோம். தெளிக்காதவனைச் சோம்பேறின்னுதான் ஊர் சொல்லும். உளுந்து தெளிங்க, உளுந்து தெளிங்கன்னு ஊரெல்லாம் சொல்லியே சம்பளம் வாங்கின மனுஷன், அந்த வருஷம் சொந்த வயலைத் தரிசாப் போட்டார். பக்கத்து வயல் பக்கிரிசாமிக்கு மனசு கேக்கலை.

"என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"பந்து தேடணும் பக்கிரிசாமி. செடி இருந்தா கண்ணுக்குத் தெரியாது."

பக்கிரிசாமி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நல்ல டாக்டராப் பாத்து ஒரு தடவை காட்டிருங்க"ன்னு காதுல சொல்லிட்டுப் போனார்.

மட்டைக்கு நூறு அடி. மொத்தம் முன்னூறு. விதை மூட்டைக்கு ஒட்டறாப்ல மட்டைக்கும் லாட் ஒண்ணு, லாட் ரெண்டு, லாட் மூணுன்னு சீட்டு ஒட்டியாச்சு. பந்து விழுந்த இடத்துல குச்சி நடணும், குச்சியில கலர் துணி கட்டணும், நோட்டுல எழுதணும். ஓடறது, நடறது, கட்டறது, எழுதறது எல்லாம் நான். முதல்ல அடி பழகணும்னு ஒரு வாரம் போச்சு. அந்த வாரம் பூரா நோட்டுல 'முளைக்கலை, முளைக்கலை'ன்னுதான் எழுதியிருக்கேன்.

அறுத்த வயல்ல மேய அப்ப வாத்துக் கூட்டம் வந்து பக்கத்துத் திடல்ல பட்டி போட்டிருந்துச்சு. லாட் ஒண்ணுல தப்பா அடிச்ச பந்தெல்லாம் நேரா அங்கதான் போய்ச் சேரும். வாத்துக்காரர் விடியக்காலம் முட்டை பொறுக்கறப்போ அதையும் சேத்துப் பொறுக்கிட்டார். ரெண்டு நாள் கழிச்சு கரந்தைப் பக்கத்துலேருந்து ஒரு பரோட்டாக் கடைக்காரர் சைக்கிள்ல வந்து நின்னார்.

"எல்லா முட்டையும் வெந்துருச்சுங்க. இது மட்டும் மத்தியானம் வரைக்கும் வேகலை. சுத்தியலால ஒண்ணு போட்டேன். திரும்பி வந்து என் தாடையில போட்டுச்சு."

சார் அவர் தாடையைப் பாக்கலை. பந்தை வாங்கி உருட்டிப் பாத்து, "வெந்தும் ஒண்ணும் ஆகலை, எழுதிக்கய்யா"ன்னார். எழுதிக்கிட்டேன்.

முன்னூறும் முடிஞ்சப்ப எனக்கு லாட் ஒண்ணு மேலதான் கண்ணு. சரியா மாட்டினா பக்கிரிசாமி வயலையும் தாண்டிப் போகும். லாட் மூணு பாக்கவே சகிக்காது. பூசணிக்காய் மாதிரித் தலை, அடிச்சா தகர டின் சத்தம். ஆனா குச்சியைப் பாத்தா, அதோட பந்துதான் ரெண்டு வரப்புக்கு நடுவுல ஒத்துமையா விழுந்திருந்துச்சு. சார் அதைத்தான் எடுத்தார்.

"என்ன சார், போயும் போயும் இதையா?"

"யோவ், ஆத்துல தண்ணி வந்து, மழை பெஞ்சு, எல்லாம் கூடிவந்தா எந்த நெல்லுதான்யா விளையாது? தண்ணி லேட்டா வந்தாலும், நாத்து முத்திப்போய் நட்டாலும், நாலு மூட்டையாச்சும் வீட்டுக்குக் கொண்டாந்து சேக்குதா, அதான்யா விதை. நான் என்ன நல்லா அடிக்கப்போறவனா? தப்பா அடிக்கப்போறவன். என் தப்பைத் தாங்குற மட்டைதான் எனக்கு வேணும்."

அதுக்கப்புறம் லாட் மூணை வெச்சு தினம் நூறு அடி. பங்குனி முடியறப்ப பத்துக்கு ஒம்பது நேராப் போச்சு. பக்கிரிசாமியே வரப்புல குந்தி, "இன்னொண்ணு போடுங்க சார்"னு கேக்க ஆரம்பிச்சுட்டார்.

சித்திரையில பெங்களூர் போனோம். என் பையனும் அங்கதான் வேலையில இருக்கான், அதனால நானும் ஒட்டிக்கிட்டேன். வாசல்லயே பொண்ணு குரலைத் தாழ்த்திச் சொல்லுச்சு: "மாமாகிட்ட கோல்ஃப் பத்திப் பேச்செடுக்காதீங்கப்பா. தோள்ல ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கப்புறம் ஒரே ஒரு நாள் போனாங்க. பந்து காலடியிலயே விழுந்து, கூட இருந்தவங்க சிரிச்சுட்டாங்களாம். ஆறு மாசமா ரூமை விட்டே வெளிய வர்றதில்ல."

சார் காபியைக் குடிச்சார். நோட்டையும் மட்டையையும் எடுத்துக்கிட்டு சம்பந்தி ரூமுக்குள்ள போனார். அரைமணி கழிச்சு உள்ளேருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்துச்சு. நோட்டுல பரோட்டாக் கடைப் பக்கத்துக்கு வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில எல்லாருமா கிளப்புக்குப் போனோம். போன வருஷம் சிரிச்ச அதே ஆளுங்க நின்னாங்க. பொண்ணும் வந்திருந்துச்சு. சார் மட்டையை உறையிலேருந்து எடுத்தார், துடைச்சார், சம்பந்தி கையில குடுத்தார்.

"நீங்க அடிங்க சம்பந்தி. பாதி பலம் போதும். மிச்சத்தை அது பாத்துக்கும்."

சம்பந்தி தயங்கித் தயங்கி வீசினார். தூரம் ஒண்ணும் பெருசாப் போகலை. ஆனா நூல் பிடிச்சாப்ல போச்சு. யாரும் சிரிக்கலை. இன்னொண்ணு அடிச்சார், அதுவும் நேர். அஞ்சாவது அடியில அந்த மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "இப்ப நீங்க வாங்க"ன்னு மட்டையை நீட்டினார்.

"இடுப்பு பிடிச்சிருக்குங்க. இன்னிக்கு நீங்களே ஆடுங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உளுந்தை விட்டு, ஊர்ல பைத்தியம்னு பேர் வாங்கி, இதுக்கா? காதுகிட்டப் போய், "சார், ஒரே ஒரு அடி"ன்னேன். "சும்மா இருய்யா. நான் அடிச்சா அவரோடதைத் தாண்டிப் போயிரும்"னார். போயிருக்கும்தான். எழுதினவன் எனக்குத் தெரியாதா?

திரும்பி வர்றப்ப பொண்ணு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்துச்சு. நாலு எட்டு வெச்சதும் நின்னு, அந்தக் கையைத் திருப்பிப் பாத்துச்சு. உள்ளங்கை பூரா காய்ச்சுப்போய்க் கிடந்துச்சு.

"என்னப்பா இது?"

"மம்பட்டி பிடிச்சேம்மா."

அவர் மம்பட்டி பிடிச்சு அது ஒரு நாளும் பாத்ததில்லை. என்னைப் பாத்துச்சு. சார் கண்ணாலயே வேண்டாம்னார். நான் கேக்கலை, வயலைத் தரிசாப் போட்டதுலேருந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். கிளப்புல அத்தனை பேரும் பாக்க, பொண்ணு அந்தக் காய்ச்சுப்போன கையை எடுத்துத் தன் கன்னத்துல வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு.

இந்த ஆளு எனக்கு அண்ணனாப் பொறந்திருக்கக் கூடாதான்னு அப்ப தோணுச்சு. இப்பவும் தோணுது.